துருக்கி வானியலாளரின் கோட்டு

'குட்டி இளவரசன்' மீது எனக்கு ரொம்ப நாளாக ஓர் அலர்ஜி இருந்தது. கல்லூரி விடுதி அறையில் யாரோ விட்டுப்போன க்ரியா பதிப்பில்தான் அதை முதலில் படித்தேன். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகச் செய்த மொழிபெயர்ப்பு. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் எங்கேயும் உறுத்தாது. சிக்கல் புத்தகத்தில் இல்லை, எங்களிடம் இருந்தது. காதல் முறிந்தவன் ரோஜா வரும் பகுதியை ஸ்டேட்டஸில் வைத்தான். காதலிக்க ஆரம்பித்தவன் நரி வரும் பகுதியை வைத்தான். அந்த நரி சொல்கிற ஒற்றை வாக்கியம் காபி கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் வந்துவிட்ட பிறகு, அது எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்கும்தான். 'சரி, குழந்தைகள் புத்தகம், பெரியவர்கள் அழுவதற்காக எழுதப்பட்டது' என்று முடிவுகட்டி மூடி வைத்தேன்.

அதை மறுபடி திறக்கவைத்தவர் ஒரு விமானி. அர்ஜென்டினாக்காரர். டாலஸ் பக்கம் இர்விங்கில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற எங்கள் அபார்ட்மென்ட்டில் எனக்கு எதிர்வீடு. வயது 52. தன் நாட்டில் போயிங் 737இல் கேப்டனாக இருந்தவர், பதினோராயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கிரீன் கார்டு லாட்டரியில் பெயர் விழுந்ததால் குடும்பத்தோடு வந்துவிட்டார். நான் அவரைப் பார்த்தபோது ஒரு கிடங்கில் இராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பகலில் அமெரிக்க லைசென்ஸுக்குப் படிப்பு. பால்கனியில் உட்கார்ந்து தலைக்கு மேல் இறங்குகிற விமானங்களை, சத்தத்தை வைத்தே என்ன ரகம் என்று சொல்வார். நாங்கள் எல்லோரும் அவரை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவோம். தமிழனுக்கு அந்தச் சொல்லில் வேறு ஞாபகங்களும் உண்டு என்பதை அவரிடம் நான் விளக்கப் போகவில்லை.

ஒருநாள் அவர் வீட்டு அலமாரியில் செந்த்-எக்ஸுபெரி பெயரைப் பார்த்தேன். ஸ்பானிய மொழியில் 'இரவு விமானம்'. பக்கத்திலேயே மகளுடைய 'குட்டி இளவரசன்'. "எனக்கு இந்தக் குட்டிப் பையனைப் பிடிக்காது கேப்டன்" என்றேன். அவர் சிரித்தார். "நீ பையனைப் பத்திப் படிச்சிருக்க. பைலட்டப் பத்திப் படிக்கல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

*

முதலில் எழுதியவனைப் பற்றிக் கொஞ்சம். அந்த்வான் து செந்த்-எக்ஸுபெரி 1900இல் லியோனில் பிறந்தவர். 1926இல் துலூஸ் நகரத்தில் லத்தேகொயேர் கம்பெனியில் சேர்ந்தார். பிற்பாடு ஏரோபொஸ்தால் என்று பேர் மாறிய அந்தக் கம்பெனிக்குத் தபால் சுமப்பதுதான் தொழில். துலூஸிலிருந்து காசாபிளாங்கா, அங்கிருந்து டகார். நடுவில் சஹாராவின் ஓரத்தில் ஜூபி முனை என்ற நிலையத்துக்கு அவரே பொறுப்பாளராகவும் இருந்தார். 1929இல் புவெனஸ் அய்ரெஸ் போய் அர்ஜென்டினக் கிளையை நடத்தினார். பத்தகோனியாவின் காற்றுக்குள் கொமொதோரோ ரிவதாவியா வரை தபால் வழி திறந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. எங்கள் கேப்டனும் அதே ஊருக்குப் பல வருஷம் பறந்தவர். "அங்க காத்து அடிக்கிறதில்ல, குடியிருக்கு" என்பார்.

'இரவு விமானம்' 1931இல் வந்து பிரான்ஸில் ஃபெமினா பரிசு வாங்கியது. அதே 1931இல்தான் ஏரோபொஸ்தால் திவாலானது. ஒரு கம்பெனியின் மகிமையைப் பாடும் நாவல் பரிசு வாங்குகிற வருஷத்தில் அந்தக் கம்பெனி கடனில் மூழ்குகிறது. அதன் பிறகு அவருக்கு நிலையான பறக்கும் வேலை என்று ஒன்று கிடைக்கவேயில்லை. சோதனை விமானி ஆனார், கடல் விமானம் ஒன்றைக் கவிழ்த்தார். 1935 டிசம்பர் கடைசியில் பாரிஸிலிருந்து சைகோனுக்குப் போகும் வேகப் பந்தயத்தில், பிரெவோ என்ற மெக்கானிக்குடன் எகிப்து-லிபியப் பாலைவனத்தில் விழுந்தார். நாக்கு வறண்டு சாகக்கிடந்த இருவரையும் ஒரு பெதுயின் காப்பாற்றினார். 1938இல் குவாத்தமாலாவில் இன்னொரு விபத்து, உடம்பெல்லாம் எலும்பு முறிவு. 1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றது. அந்த வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார்.

சில வாரம் இருப்பதாகத்தான் திட்டம். இருந்தது இரண்டு வருஷத்துக்கு மேல். ஆங்கிலம் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. பறக்க விமானம் இல்லை. அகதிகளாக வந்திருந்த பிரெஞ்சுக்காரர்களின் அரசியல் சண்டையில் எந்தப் பக்கமும் சேராததால் எல்லாப் பக்கத்திலிருந்தும் அடி. இந்த நிலைமையில், 1942 கோடையிலும் இலையுதிர் காலத்திலும், நியூயார்க்கிலும் லாங் ஐலண்டிலும் உட்கார்ந்து எழுதிய புத்தகம் 'குட்டி இளவரசன்'. 1943 ஏப்ரலில் முதலில் வெளிவந்ததும் நியூயார்க்கில்தான். பிரான்ஸில் அச்சாக 1946 ஆனது, அப்போது அவர் உயிரோடு இல்லை.

அதாவது இது, அனுபவம் நிறைந்த ஒரு வெளிநாட்டு விமானி அமெரிக்காவுக்கு வந்து, காக்பிட் இல்லாமல் இருந்த காலத்தில் எழுதிய புத்தகம். இந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் புத்தகம் வேறு மாதிரித் திறக்கிறது.

*

இப்படிப் பாருங்கள். கதையின் முதல் அத்தியாயமே ஒருவன் தொழில் தேர்ந்தெடுக்கிற அத்தியாயம். ஆறு வயதில் படம் வரைகிறான், பெரியவர்களுக்குப் புரியவில்லை, அதனால் ஓவியத்தை விட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். அடுத்த அத்தியாயத்தில் எஞ்ஜின் உடைகிறது. பக்கத்தில் மெக்கானிக் இல்லை, பயணி இல்லை. எட்டு நாளுக்குத் தண்ணீர். இளவரசன் வருவது அதற்கப்புறம்தான். கதை முழுக்க அந்தக் குழந்தை ஆட்டைப் பற்றியும் ரோஜாவைப் பற்றியும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க, இவன் கையில் ஸ்பானருடன் ஒரு போல்ட்டைக் கழற்றப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறான். நமக்குக் குழந்தையின் குரல்தான் கேட்கிறது. ஸ்பானர் சத்தம் கேட்பதேயில்லை.

இளவரசன் பார்த்துவரும் ஆறு கிரகங்களும் ஆறு விதமான ஆட்கள் என்றுதான் பாடம் நடத்துவார்கள். எனக்கு இப்போது அவை ஆறு விதமான வேலைகளாகத் தெரிகின்றன. ஆள்வதற்கு யாருமில்லாத ராஜா. ரசிகன் இல்லாத தற்பெருமைக்காரன். குடிகாரன் (வேலை இல்லாதவன் என்றும் சொல்லலாம்). நட்சத்திரங்களை எண்ணிச் சொந்தம் கொண்டாடும் வியாபாரி. மேசையை விட்டு எழாத புவியியலாளர். இவர்களுக்கு நடுவில் விளக்கேற்றுபவன் ஒருவன். அவனுடைய கிரகம் வேகமாகச் சுற்றத் தொடங்கிவிட்டது, ஒரு நாள் என்பது ஒரு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அவனுக்கு வந்த உத்தரவு மாறவில்லை. ஏற்றி, அணைத்து, ஏற்றி, அணைத்து. இளவரசன் கேலி செய்யாத ஒரே ஆள் இவன்தான். தன்னைத் தவிர வேறொன்றில் கவனம் வைத்திருப்பவன் என்பதால் அவனிடம் மரியாதை.

இந்த விளக்கேற்றுபவனை நான் 'இரவு விமானம்' படித்த பிறகே அடையாளம் கண்டேன். அவன் தபால் விமானி. இருட்டில், தான் எழுதாத கடிதங்களை, தனக்குத் தெரியாத ஆட்களுக்காகக் கொண்டுபோகிறவன். உத்தரவு எதற்கென்று கேட்காதவன். செந்த்-எக்ஸுபெரியின் கூட்டாளிகள் அப்படித்தான் ஒவ்வொருவராகப் போனார்கள். மெர்மோஸ் 1936இல் தென் அட்லாண்டிக்கில் காணாமல் போனார். ஆண்டிஸ் பனியில் விழுந்து ஐந்து நாள் நடந்தே பிழைத்துவந்த கியோமே 1940 நவம்பரில் மத்திய தரைக்கடல் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போர்ச்சுகல் வந்திருந்த நேரத்தில் இவருக்கு அந்தச் செய்தி கிடைத்தது. பழைய வேலையை நினைவுகூர்ந்து பேச ஆள் இல்லை என்ற நிலையில்தான் அவர் நியூயார்க்கில் கால் வைக்கிறார். புத்தகம் முழுக்க நண்பன் என்ற சொல் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்று இப்போது புரிகிறது. நரி பேசுகிற பழக்கப்படுத்துதலும் பொறுப்பும் காதலர்களுக்கானவை என்று நாம் எடுத்துக்கொண்டோம். கியோமேயைப் பற்றி அவர் 1939இல் எழுதிய பக்கங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், பொறுப்பு என்ற சொல்லை அவர் முதலில் கண்டெடுத்தது சக தொழிலாளியிடம்.

*

புத்தகத்தில் நான் மொத்தமாகத் தாண்டிப் போயிருந்த ஒரு பக்கத்தைக் கேப்டன்தான் காட்டினார். துருக்கி வானியலாளர் வரும் பக்கம்.

ஞாபகம் இருக்கிறதா? இளவரசனின் கிரகத்தை 1909இல் ஒரு துருக்கிக்காரர் தொலைநோக்கியில் கண்டுபிடிக்கிறார். சர்வதேச மாநாட்டில் நிரூபித்தும் காட்டுகிறார். அவர் போட்டிருந்த உடையைப் பார்த்து யாரும் நம்பவில்லை. பிறகு துருக்கியில் ஒரு சர்வாதிகாரி எல்லோரும் ஐரோப்பிய உடைதான் உடுத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறான். 1920இல் அதே ஆள், நேர்த்தியான கோட்டு சூட்டில் போய், அதே நிரூபணத்தைச் செய்கிறார். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சில வரி, சில படம், அவ்வளவுதான். சின்ன ஜோக்.

"இது ஜோக் இல்ல. இது என்னோட ஃபைல்" என்றார் கேப்டன்.

அவருடைய ஃபைல் இப்படி. வெளிநாட்டு லைசென்ஸைக் காட்டினால் அதன் பேரில் அமெரிக்க விமானத்துறை நேரடியாகத் தருவது பிரைவேட் பைலட் சான்றிதழ் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு செஸ்னாவை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிவரலாம். சம்பளத்துக்கு ஒரு பயணியை ஏற்ற முடியாது. விமான கம்பெனியில் ஓட்ட வேண்டுமென்றால் மேல்நிலை லைசென்ஸ் வேண்டும். அதற்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அது இவரிடம் ஏழு மடங்குக்கு மேல் இருக்கிறது. அந்த மணி நேரங்களை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் முதலிலிருந்து மருத்துவப் பரிசோதனை, 30 மணி நேர வகுப்பு, 10 மணி நேர சிமுலேட்டர் பயிற்சி, எழுத்துத் தேர்வு, அதற்கு மேல் பறந்துகாட்டும் தேர்வு. 737இல் தன்னிடம் பயிற்சி எடுத்தவர்களின் வயதில் இருக்கிற ஒருவர், இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று இவருக்கு வகுப்பெடுக்கிறார். "ஆங்கிலத் தேர்ச்சி உண்டு" என்று லைசென்ஸிலேயே அச்சடித்து வர வேண்டும். செந்த்-எக்ஸுபெரி இன்றைக்கு வந்திருந்தால் அந்த வரியிலேயே நின்றுபோயிருப்பார்.

அதே நிரூபணம், வேறு கோட்டு. நான் உடனே கொதித்தேன். குடியேறியவனுக்குக் கொதிப்பதற்குக் காரணமா பஞ்சம்? ஆனால் கேப்டன் கொதிக்கவில்லை. "டெஸ்ட் வைக்கட்டும். நானா இருந்தாலும் வைப்பேன்" என்றார். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு விமானம் விழுந்து, வீட்டிலிருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் இந்த 1500 மணி நேர விதியும் இந்த வகுப்பும் வந்தன. உள்ளூர்க்காரனுக்கும் அதே விதிதான். வானியலாளரின் கணக்கில் தப்பு இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. விமானியின் கணக்கு அப்படி இல்லையே.

செந்த்-எக்ஸுபெரியின் ஜோக் இந்த இடத்தில் பத்தாமல் போகிறது. மறுக்கிறவன் எப்போதும் முட்டாள், மறுக்கப்படுகிறவன் எப்போதும் சரி என்பது கதைக்கு வசதி. அவருடைய சொந்த வாழ்க்கையே அதற்கு எதிர்ச்சாட்சி. 1943இல் அவர் நியூயார்க்கை விட்டு அல்ஜியர்ஸ் போய், யார் யாரையோ கெஞ்சி, அமெரிக்கத் தலைமையின் கீழ் இருந்த தன் பழைய வேவுப்படைக்குள் நுழைந்தார். விமானம் லாக்ஹீட் பி-38. வயது வரம்பைத் தாண்டியவர், அவருக்கு 43. பழைய முறிவுகளால் யாராவது உதவினால்தான் பறக்கும் உடையைப் போட முடியும். இரண்டாவது பறத்தலிலேயே தரையிறங்கும்போது விமானத்தைச் சேதப்படுத்தினார். எட்டு மாதம் கீழே உட்கார வைத்தார்கள். அந்த அமெரிக்க அதிகாரி என்ன தப்பு செய்தார்? இவர் மீண்டும் மன்றாடி வாய்ப்பு வாங்கி, 1944 ஜூலை 31 அன்று கார்சிகாவிலிருந்து கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. மார்செய் கடலுக்கடியில் கிடைத்த சிதைவுகள் அவருடைய விமானம்தான் என்று 2004இல் உறுதியானது.

*

அப்படியென்றால் கேப்டனுக்கு வலிப்பது எது? தேர்வு இல்லை, தேர்வுக்கு அப்புறம் வருவது. அதன் பெயர் ஸீனியாரிட்டி.

அமெரிக்க விமான கம்பெனிகளில் ஒரு விமானியின் வாழ்க்கையை நிர்ணயிப்பது ஒரே ஒரு எண். எந்த விமானம், எந்த ஊர், எந்த ஷிப்ட், தீபாவளிக்கு லீவா இல்லையா (அவர்களுக்குக் கிறிஸ்துமஸ்), கேப்டன் இருக்கை எப்போது, எல்லாமே அந்த எண்ணின் படி. கம்பெனியில் சேர்ந்த தேதிதான் அந்த எண். வேறு எங்கேயோ இருபது வருஷம் கேப்டனாக இருந்தாலும் சேரும் நாளன்று நீ வரிசையில் கடைசி ஆள். உனக்கு முன்னால் நிற்பவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இன்னொன்று, பயணிகள் விமானத்தில் 65 வயதோடு கட்டாய ஓய்வு. 52 வயதில் கடைசியில் போய் நிற்பவனுக்கு மிச்சம் பதின்மூன்று வருஷம். தோளில் நாலு பட்டை போட்டவர் மூணு பட்டையோடு வலது இருக்கையில் உட்கார வேண்டும். அதுவும் யாராவது கூப்பிட்டால்.

எவ்வளவு குரூரம் என்று நான் சொன்னபோதுதான் கேப்டன் 'இரவு விமானம்' நாவலைக் கையில் எடுத்தார். "ரொப்லே யாருன்னு தெரியுமா?"

தெரியும். அந்த நாவலின் நாயகன் ரிவியேர், புவெனஸ் அய்ரெஸில் தபால் வழிகளின் தலைவன். ஓர் இரவில் பத்தகோனியா, சிலி, பராகுவே என்று மூன்று திசையிலிருந்து வரும் விமானங்களுக்காகக் காத்திருக்கிறான். பத்தகோனியா விமானி ஃபாபியன் புயலில் சிக்கி, மேகத்துக்கு மேலே நட்சத்திர வெளிச்சத்தில் ஏறிவிடுகிறான், இறங்க வழியில்லாமல். உலக இலக்கியத்தின் மிக அழகான மரணங்களில் ஒன்று என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் ரொப்லே அந்த அழகில் இல்லை. ரொப்லே கிழட்டு மெக்கானிக். அர்ஜென்டினாவின் முதல் விமானத்தைப் பூட்டியவன். பல வருஷ உழைப்பாளி. ஒரே ஒரு தவறுக்காக ரிவியேர் அவனை வேலையை விட்டு அனுப்புகிறான். மனசுக்குள் வருத்தப்படுகிறான், கிழவனின் கைகளைப் பார்த்து உருகவும் செய்கிறான், ஆனாலும் அனுப்புகிறான். ஒரு மனிதனை மன்னித்தால் தொழில் கெட்டுப்போகும் என்பது அவன் கட்சி. நாவலும் அவன் பக்கம்தான் சாய்கிறது. நான் அந்தக் கட்டத்தை ஒரு தலைவனின் தனிமை என்று அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

"ஸீனியாரிட்டி லிஸ்ட் இருக்கிற கம்பெனியில ரிவியேரால ரொப்லேயத் தூக்கவே முடியாது. அந்த லிஸ்ட்ட யூனியன்காரங்க சண்ட போட்டு வாங்கினதே ரிவியேர் மாதிரி ஆளுங்களுக்காகத்தான்" என்றார் கேப்டன். தன்னைக் கடைசியில் நிறுத்துகிற பட்டியலுக்காகத்தான் அவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

எனக்கு இது இலக்கிய விமர்சனமாகவே படுகிறது. முதலாளியின் மனம்போன போக்கிலிருந்து தொழிலாளியைக் காப்பாற்ற ஒரு சுவர் கட்டுகிறார்கள். அந்தச் சுவர் வெளியே இருந்து வருகிறவனையும் தடுக்கிறது. இரண்டும் ஒரே சுவர்தான். செந்த்-எக்ஸுபெரி இந்தச் சுவரை எழுதவே இல்லை. அவருடைய உலகத்தில் ஒரு தலைவனின் கண்டிப்பு இருக்கிறது, அல்லது ஒரு நண்பனின் அன்பு இருக்கிறது. நடுவில் சட்டம், சங்கம், வரிசை எதுவும் இல்லை. வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை என்பதும் ஒரு காரணம். பிரபு குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவில் அவருடைய புத்தகம் ஏற்கெனவே விருது வாங்கியிருந்தது. பதிப்பாளர் பணம் கொடுத்தார், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பார்த்தபடி வீடு. அவர் தேடியது விமானத்தை, சம்பளத்தை இல்லை. எங்கள் கேப்டனுக்கு இரண்டும் வேண்டும். இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு இருவரையும் ஒரே தட்டில் வைத்தால் அது பொய்யாகிவிடும்.

*

இன்னொரு புகாரும் இருக்கிறது. 'குட்டி இளவரசன்' எண்களைக் கேலி செய்கிற புத்தகம். பெரியவர்களுக்கு எண் சொன்னால்தான் புரியும், புது நண்பனைப் பற்றிச் சொன்னால் அவன் அப்பா எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்பார்கள். கிரகத்துக்கு பி-612 என்று பேர் சொல்வதே அவர்களுக்காகத்தான். கல்லூரியில் நாங்கள் அதைப் படித்துப் பரவசப்பட்டோம், அரியர் வைத்திருந்தவன் கூடுதலாகப் பரவசப்பட்டான்.

இன்றைக்கு எனக்கு அந்தக் கேலி அவ்வளவு எளிதாக இறங்கவில்லை. எண்கள் வேண்டாம் என்று சொல்ல, உன்னை ஏற்கெனவே தெரிந்த ஊர் வேண்டும். தெரியாத ஊரில் உன் குரல், உன் கை, புயலில் நீ எடுத்த முடிவு எதுவும் செல்லாது. லாக்புக் செல்லும். தேதி, விமான ரகம், கிளம்பிய ஊர், சேர்ந்த ஊர், பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு. கேப்டனிடம் அப்படி ஆறு தடிமன் புத்தகங்கள் இருக்கின்றன. வியாபாரி எண்ணுகிற நட்சத்திரங்களைப் போன்ற எண்கள் இல்லை இவை. ஒவ்வொரு வரியும் ஒருவர் வீட்டுக்கு வராமல் கழித்த ஒரு நாள். அகதியும் குடியேறியும் எண்ணை நேசிப்பது மனசு வறண்டதால் இல்லை, அவர்கள் கையில் சாட்சி வேறு இல்லை. துருக்கி வானியலாளரின் நிரூபணமும் எண்கள்தானே? தன் புத்தகத்திலேயே இருக்கிற இந்த முரணை ஆசிரியர் கவனித்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவு புகார் சொல்லிவிட்டு ஏன் இந்தப் புத்தகத்தை இப்போது முன்பைவிட அதிகம் பிடிக்கிறது என்றால், அதன் கடைசிப் பகுதிக்காக. இளவரசன் போகிற இடத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாம்பு, மஞ்சள் மின்னல், மணலில் சத்தமில்லாமல் சாய்வது. "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேப்டன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கேட்டுப் பார்த்த நாலு நண்பர்களுக்கும் தெரியவில்லை.

எஞ்ஜின் சரியாகிவிட்டது.

எல்லா எதிர்பார்ப்புக்கும் மாறாக வேலை முடிந்துவிட்டதென்று சொல்லத்தான் விமானி அன்றைக்கு இளவரசனைத் தேடி வருகிறான். அவன் சொல்வதற்கு முன்பே குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் பிரிவு பெரிதாகிவிடுவதால் இந்தச் செய்தி நம் கண்ணில் விழுவதில்லை. ஆனால் 1942இல் விமானமே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவர், தன் கதையின் விமானிக்கு எஞ்ஜினைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். மெக்கானிக் இல்லாமல், எட்டு நாள் தண்ணீரில், ஒரு குழந்தையின் ஓயாத கேள்விகளுக்கு நடுவில். தனக்கு யாரும் தராததைத் தன் பாத்திரத்துக்குத் தந்திருக்கிறார், அதுவும் ரெண்டு வரியில், அலட்டிக்கொள்ளாமல். அவன் பறந்துபோய்க் கூட்டாளிகளைச் சேர்கிறான். உயிரோடு திரும்பியதில் அவர்களுக்குச் சந்தோஷம். அவனுக்குத் துக்கம். ஆனாலும் வேலைக்குத் திரும்பிவிட்டான். பிரிவின் புத்தகம் என்று நாம் கொண்டாடுகிற இது, ஒருவன் தன் தொழிலுக்குத் திரும்பிப் போன கதையும்தான். ரோஜாவுக்காக அழுகிற வாசகர்கள் ஸ்பானருக்காகவும் ஒரு நிமிஷம் நின்றால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது.

*

கேப்டன் போன மாதம் எல்லாத் தேர்வும் முடித்துவிட்டார். இன்னும் யாரும் கூப்பிடவில்லை. கிடங்கு வேலைக்கு இப்போதும் இராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்புகிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் ஒரு புது லாக்புக் இருந்தது, அமெரிக்காவில் வாங்கியது. இங்கேயும் சைபரிலிருந்துதானா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் முதல் பக்கத்தைத் திறந்து அடியில் விரலை வைத்தார். லாக்புக்கில் ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் மூன்று வரி இருக்கும்: இந்தப் பக்கத்தின் கூட்டல், முன்பக்கங்களிலிருந்து கொண்டுவந்தது, மொத்தம். மேலே உள்ள வரிகள் எல்லாம் காலி. நடு வரியில் மட்டும், சின்னக் கையெழுத்தில், நீல மையில் 11,240 என்று எழுதியிருந்தது.